கிளையன்ட் ஆடிட்டுக்கு ஒத்திகை பார்க்கும் கான்ட்ராக்டர்கள்: எது தயாரிப்பு, எது நாடகம்?

'அடுத்த வாரம் கிளையன்ட் டீம் வருது, சேஃப்டி கல்ச்சர் அசெஸ்மென்ட்டாம்.' இந்த ஒரு தகவல் வந்துவிட்டால் போதும், மறுநாளே சைட் மாறத் தொடங்கிவிடும். கட்டுமானத் தளமாக இருந்தாலும் சரி, பெரிய தொழிற்சாலைக்குள் பராமரிப்பு வேலை எடுத்திருக்கும் சிறு நிறுவனமாக இருந்தாலும் சரி, காட்சி ஒன்றுதான். புது ஹெல்மெட்டும் பளபளக்கும் ஜாக்கெட்டும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். மாதக்கணக்கில் எழுதாமல் கிடந்த டூல்பாக்ஸ் டாக் ரெஜிஸ்டர் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரம்பும். 'யார் கேட்டாலும் பாதுகாப்புதான் முதல்னு சொல்லு' என்று மேஸ்திரி பாடம் எடுப்பார். வாயைத் திறந்தால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று சந்தேகப்படும் ஆட்களுக்கு அன்றைக்கு மட்டும் லீவு.

இதில் கான்ட்ராக்டரை மட்டும் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த மதிப்பெண்ணில்தான் அடுத்த ஆர்டர் இருக்கிறது. ரன்னிங் பில் பாஸ் ஆவதும் சில இடங்களில் அதைப் பொறுத்தே. ஐம்பது, நூறு பேரை வைத்து வேலை பார்க்கும் ஒருவருக்கு, பெரிய கிளையன்ட்டின் பட்டியலிலிருந்து பெயர் நீங்கினால் பிழைப்பே ஆட்டம் கண்டுவிடும். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால், அந்தப் பயத்தில் அவர் செய்யும் ஒத்திகைதான் அவரையும் அவருடைய ஆட்களையும் ஆபத்தில் தள்ளுகிறது. அது எப்படி, ஒத்திகைக்குப் பதிலாக என்ன செய்யலாம், இதில் கிளையன்ட்டின் பங்கு என்ன? விரிவாகப் பார்ப்போம்.

ஆடிட் வேறு, கல்ச்சர் அசெஸ்மென்ட் வேறு

வழக்கமான சேஃப்டி ஆடிட்டில் 'இருக்கிறதா, இல்லையா' என்பதுதான் கேள்வி. லைசென்ஸ் இருக்கிறதா? கிரேனுக்குச் சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா? ஆட்களுக்கு இஎஸ்ஐ கட்டியாகிவிட்டதா? உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு சேஃப்டி பெல்ட் கொடுத்தாகிவிட்டதா? ஃபைலைப் புரட்டி, டிக் அடித்துவிட்டுப் போகலாம்.

கல்ச்சர் அசெஸ்மென்ட் கேட்பது வேறு. யாரும் பார்க்காதபோது அந்த சைட்டில் என்ன நடக்கிறது? சாரத்தில் ஒரு பலகை உடைந்திருப்பதை ஒரு ஹெல்பர் பார்க்கிறார். அவர் யாரிடம் சொல்வார்? சொன்னால் அவருக்கு நன்றி கிடைக்குமா, திட்டு கிடைக்குமா? பலகையை மாற்றும் வரை வேலை நிற்குமா, 'பார்த்து ஓரமா போ' என்று தொடருமா? இந்தக் கேள்விகளுக்கான பதில் எந்த ஃபைலிலும் இருக்காது. ஆட்களின் பழக்கத்திலும் அவர்களுக்குள் இருக்கும் பயத்திலும்தான் இருக்கும்.

'சேஃப்டி கல்ச்சர்' என்ற சொல்லே ஒரு பேரழிவுக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்ததுதான். 1986-ல் செர்னோபில் அணுஉலை விபத்தை ஆராய்ந்த சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு, அந்த ஆண்டு அறிக்கையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியது. 1991-ல் அதே குழு இதற்கென்றே தனி அறிக்கை வெளியிட்டு விளக்கம் கொடுத்தது. அதன் சாரம் எளிமையானது: ஒரு நிறுவனத்திலும் அதில் வேலை செய்பவர்களிடமும் உள்ள குணங்கள், மனப்பான்மைகள் ஆகியவை, பாதுகாப்பு விஷயங்களுக்கு மற்ற எல்லாவற்றையும் தாண்டிய முன்னுரிமை கிடைக்கும்படி இருக்க வேண்டும்.

அணுஉலைக்காகச் சொன்னது பிறகு எண்ணெய்க் கிணறு, ரயில்வே, கட்டுமானம் என்று பரவியது. நெதர்லாந்தில் ரயில் பாதைகளை நிர்வகிக்கும் புரோரெயில் நிறுவனம், தன்னிடம் வேலை எடுக்கும் கான்ட்ராக்டர்களை அளப்பதற்காகவே ஐந்து படிகள் கொண்ட ஒரு 'ஏணி'யை உருவாக்கியது. இன்று அந்நாட்டின் தர நிர்ணய அமைப்பு அதை நிர்வகிக்கிறது. பேச்சுவழக்கில் சொன்னால் அந்தப் படிகள் ஏறக்குறைய இப்படி இருக்கும். முதல் படி, 'மாட்டாத வரைக்கும் கவலை இல்லை'. இரண்டாவது, 'அடிபட்ட பிறகு பார்த்துக்கலாம்'. மூன்றாவது, 'எங்ககிட்ட எல்லாத்துக்கும் ஃபார்ம் இருக்கு'. நான்காவது, 'பிரச்சினை வர்றதுக்கு முன்னாடியே தேடிப் பிடிக்கிறோம்'. ஐந்தாவது, 'வேலை செய்றதுன்னா இப்படித்தான் செய்வோம்'.

ஆடிட்டுக்கு முந்தைய நாள் ஓடி ஓடி ஃபைல் தயாரிக்கும் நிறுவனம், அதிகபட்சம் மூன்றாவது படியில் நிற்பதாகக் காட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் ஏறுவதற்குக் காகிதம் உதவாது.

கான்ட்ராக்டரை ஏன் தனியாக அளக்க வேண்டும்?

பெரிய விபத்துகளில் உயிரை விடுபவர்கள் பெரும்பாலும் யாருடைய ஆட்கள் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. பிபி நிறுவனத்தின் ஆலை அது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். இறந்த 15 பேருமே கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். வெடித்த யூனிட்டில் அவர்களுக்கு வேலையே இல்லை. வேறொரு யூனிட்டின் பராமரிப்புக்காக வந்திருந்தவர்கள், அபாயகரமான யூனிட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்த தற்காலிக அலுவலக டிரெய்லர்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தார்கள். பக்கத்து யூனிட்டை மறுபடி இயக்கத் தொடங்குகிறார்கள் என்ற தகவல்கூட அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்னொரு விஷயமும் விசாரணையில் பதிவாகியிருக்கிறது. ஒரு மாதமாக வேலைநாள் இழப்பு ஏற்படுத்தும் காயம் எதுவும் நடக்கவில்லை என்பதைக் கொண்டாட நடந்த மதிய விருந்திலிருந்து அவர்களில் சிலர் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இந்தக் கதை புதிதில்லை. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் கட்டுமானத்தில் இருந்த அனல்மின் நிலையத்தில், உயரத்தில் அமைக்கப்பட்டிருந்த சாரம் சரிந்து வெளிமாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் இறந்தார்கள். ஒரு திட்டத்துக்கு உரிமையாளர் ஒருவர், கட்டித் தருபவர் இன்னொருவர், ஆட்களை அழைத்து வருபவர் மூன்றாமவர் என்று அடுக்கு அடுக்காக இருக்கும் வேலைகளில், உச்சியில் ஏறி நிற்பவர் அடுக்கின் அடியில் இருப்பவர்தான்.

சட்டமும் அந்த அடி அடுக்கை முழுமையாகத் தொடுவதில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பின்படி, கட்டுமான வேலைகளில் 250 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். சாதாரணத் தொழிற்சாலைக்கு அந்த எண்ணிக்கை 500. அறுபது பேரை வைத்து சென்ட்ரிங் வேலை எடுப்பவருக்குத் தனியாக ஒரு சேஃப்டி ஆபீசர் வைக்க வேண்டிய சட்டக் கட்டாயம் வராது. சட்டம் எட்டாத அந்த இடத்தை எட்டக்கூடியது, வேலையைக் கொடுக்கும் கிளையன்ட்டின் கைதான். அதனால்தான் இந்த மதிப்பீடுகளுக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறது. ஒழுங்காக நடந்தால், அது கீழ்மட்டத் தொழிலாளியின் உயிரைக் காப்பாற்றும் கருவி.

ஒத்திகை பார்த்தால் என்ன கெட்டுப்போகும்?

'எல்லாரும் செய்றதுதானே, ஒரு நாள் கூத்து' என்று இதைத் தள்ளிவிட முடியாது. டீப்வாட்டர் ஹொரைசன் கதை அதற்குச் சரியான எச்சரிக்கை.

மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டிக்கொண்டிருந்த மிதக்கும் தளம் அது. கிளையன்ட், பிபி. தளத்தை வைத்திருந்து கிணறு தோண்டிக் கொடுத்த கான்ட்ராக்டர், டிரான்ஸ்ஓஷன். 2010 மார்ச்சில், டிரான்ஸ்ஓஷன் தன் ஆட்களிடம் பாதுகாப்புக் கலாச்சாரம் எப்படி இருக்கிறது என்று அறிய, லாயிட்ஸ் ரெஜிஸ்டர் என்ற வெளி நிறுவனத்தை வைத்து ஆய்வு நடத்தியது. ஆபத்துகளைக் கவனித்து அட்டையில் எழுதிக் கொடுக்கும் ஒரு முறை அங்கே இருந்தது. அந்த முறையை ஒப்பேற்றுவதற்காகச் சிலர் பொய்யான தகவல்களை எழுதிக் கொடுக்கிறார்கள் என்று ஆய்வில் தெரியவந்தது. தவறுகளைச் சொன்னால் பழிவாங்கப்படுவோம் என்ற பயம் சிலரிடம் இருப்பதும் வெளிப்பட்டது.

சில வாரங்கள்தான் கழிந்தன. ஏப்ரல் 20 அன்று தளம் வெடித்தது, 11 பேர் இறந்தார்கள். அன்றைக்கு இரண்டு நிறுவனங்களின் உயரதிகாரிகளும் தளத்தில்தான் இருந்தார்கள். வேலைநாள் இழப்பு விபத்தே இல்லாமல் ஏழு ஆண்டுகள் கடந்ததைப் பாராட்டுவதும் அந்த வருகையின் ஒரு பகுதி.

அட்டைப் பெட்டி நிறைய அட்டைகள். கணக்கில் ஏழு ஆண்டு சாதனை. பார்ப்பவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பியிருப்பார்கள். ஒத்திகையின் ஆபத்து இதுதான். கிளையன்ட்டை ஏமாற்றத் தயாரித்த காகிதத்தை, சில மாதங்களில் கான்ட்ராக்டரே நம்பத் தொடங்கிவிடுவார். உண்மையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று முதலாளிக்கே தெரியாமல் போய்விடும்.

டெக்சாஸ் சிட்டி வேறொரு பாடத்தைச் சொல்கிறது. அங்கே வெடிவிபத்துக்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு வெளி ஆலோசனை நிறுவனம் ஆலையின் கலாச்சாரத்தை ஆய்வு செய்தது. பெரிய விபத்து நடந்துவிடும் என்ற பயம் அங்கே வழக்கத்தை மீறி இருப்பதாக 2005 ஜனவரியில் அறிக்கையும் கொடுத்தது. மார்ச்சில் ஆலை வெடித்தது. அந்த இடத்தில் மதிப்பீடு பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொன்ன பிறகு, அதை வைத்து வேண்டிய வேகத்தில் எதுவும் மாறவில்லை.

ஆக, மதிப்பீடு வீணாவதற்கு இரண்டு வழிகள் உண்டு. கான்ட்ராக்டர் உண்மையை மறைப்பது ஒன்று. உண்மை தெரிந்த பிறகு கிளையன்ட் கைகட்டி நிற்பது இன்னொன்று.

மதிப்பீட்டாளர் எங்கே பார்ப்பார்?

அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் அதிக நேரம் உட்கார மாட்டார். டீக்கடை பக்கம் நிற்பார். ஓய்வு நேரத்தில் பேச்சுக் கொடுப்பார். சூப்பர்வைசர் இல்லாத இடத்தில், ஆட்களைத் தனித்தனியாகவும் சிறு குழுவாகவும் பேச வைப்பார். ஐந்து பேர் ஒரே வாக்கியத்தை ஒப்பித்தால், சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவருக்கு அந்த நிமிடமே புரிந்துவிடும்.

கேள்விகளும் 'உங்க பாலிசி என்ன' என்ற ரகத்தில் இருக்காது. 'கடைசியா எப்போ வேலையை நிறுத்துனீங்க? எதுக்கு?' 'போன மாசம் ஏதாவது கையிலிருந்து நழுவி விழுந்துச்சா?' 'மழை பெஞ்சா மேலே ஏறுவீங்களா? வேணாம்னு யார் முடிவு பண்ணுவாங்க?' 'முதலாளி கடைசியா எப்போ இங்க வந்தாரு? வந்து என்ன கேட்டாரு?' இப்படித்தான் இருக்கும்.

கடைசிக் கேள்விக்கான பதில் நிறைய விஷயங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். முதலாளி வந்ததும் 'ஸ்லாப் எப்போ முடியும்' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார் என்றால், அந்த சைட்டில் எதற்கு முன்னுரிமை என்பது அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். சுவரில் எத்தனை போஸ்டர் ஒட்டியிருந்தாலும் அது மாறாது.

பதிவேடுகளையும் அவர் பார்ப்பார், ஆனால் வேறு கண்ணோடு. எண்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஆறு மாதமாக ஒரு 'நியர் மிஸ்'கூட, அதாவது மயிரிழையில் தப்பிய ஒரு சம்பவம்கூட, பதிவாகவில்லை என்றால் அவர் கைதட்ட மாட்டார். இங்கே யாரும் எதையும் சொல்வதில்லை என்றே குறித்துக்கொள்வார். அதே இடத்தில் பத்துப் பதினைந்து சம்பவங்கள் பதிவாகி, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தார்கள், யார் செய்தார், எப்போது முடிந்தது என்று எழுதியிருந்தால், அந்த நிறுவனத்தின் மீது அவருக்கு மரியாதை கூடும். குறைகள் எழுதியிருக்கும் ரெஜிஸ்டரைப் பார்த்துப் பயப்படும் கான்ட்ராக்டர்கள் இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டாலே பாதித் தயாரிப்பு முடிந்த மாதிரிதான்.

அப்படியானால் எப்படித் தயாராவது?

முதல் வேலை, கூலியைச் சரி செய்வது. சேஃப்டியைப் பற்றிப் பேசும்போது யாரும் தொடாத இடம் இது. கம்பி கட்டுபவருக்கு டன்னுக்கு இவ்வளவு, பூச்சு வேலைக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால், சாரம் ஆடுகிறது என்று வேலையை நிறுத்தும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தத் தொழிலாளியின் பாக்கெட்டிலிருந்து போகிறது. 'ஆபத்துன்னா நிறுத்துங்க' என்று போர்டு மாட்டிவிட்டு, நிறுத்தியவருக்குக் கூலி இல்லை என்றால் அந்த போர்டை யாரும் நம்ப மாட்டார்கள். பாதுகாப்புக் காரணத்துக்காக வேலை நின்றால், அந்த நேரத்துக்கு நாள் கூலி விகிதத்தில் பணம் உண்டு என்று கான்ட்ராக்டர் அறிவிக்க வேண்டும், கொடுக்கவும் வேண்டும். ஒரு தடவை கொடுத்துவிட்டால் அந்தச் செய்தி லேபர் கேம்ப் முழுக்கத் தானாகப் பரவும்.

இரண்டாவது, முதலாளியின் கால் சைட்டில் பட வேண்டும். வாரம் ஒரு முறை, அரை மணி நேரம் போதும். வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்பதற்கு முன்பு, 'இந்த வாரம் எது பயமா இருந்துச்சு' என்று இரண்டு பேரிடம் கேட்டால் போதும். அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது அடுத்த வாரத்துக்குள் சரி செய்து, 'நீங்க சொன்னீங்கல்ல, மாத்தியாச்சு' என்று சொல்லிவிட்டால், மூன்றாவது வாரம் கேட்காமலேயே சொல்வார்கள்.

மூன்றாவது, தப்பிய சம்பவங்களைச் சொல்வதற்கு எளிய வழி வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு பக்க ஃபார்ம் கொடுத்தால் யாரும் எழுத மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ, ஒரு வாய்ஸ் நோட் போதும். அதை எழுதி வைப்பது சூப்பர்வைசரின் வேலை. பெயர் சொல்ல விரும்பாதவர் சொல்லாமலும் விடலாம். 'மாசம் இத்தனை வரணும்' என்று இலக்கு மட்டும் வைத்துவிடக் கூடாது. எண்ணிக்கைக்காகக் கேட்டால் எண்ணிக்கைக்காகவே எழுதுவார்கள். டீப்வாட்டர் ஹொரைசன் அட்டைகள் அதற்குச் சாட்சி.

நான்காவது, மொழி. இன்று தமிழ்நாட்டு சைட்டுகளில் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் அசாமியும் பேசும் தொழிலாளர்கள் நிறைய இருக்கிறார்கள். காலையில் தமிழில் டூல்பாக்ஸ் டாக் நடத்தி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினால், அதில் பாதிப் பேர் புரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள். அவர்களுக்குள்ளேயே இரண்டு மொழி தெரிந்த ஒருவரைப் பிடித்து, கொஞ்சம் கூடுதல் பேட்டா கொடுத்து, பேச்சை மொழிபெயர்க்க வைக்கலாம். பேசி முடித்ததும், 'இன்னைக்கு எங்க ஜாக்கிரதையா இருக்கணும்' என்று ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், புரிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஐந்தாவது, சப்-கான்ட்ராக்டர். தன் ஆட்களுக்கு எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, சாரம் கட்டும் வேலையைக் குறைந்த ரேட்டுக்கு வேறொருவரிடம் தள்ளிவிட்டால், அசெஸ்மென்ட்டில் முதலில் உடைவது அந்த இடம்தான். கிளையன்ட் தன்னிடம் கேட்பதை எல்லாம் கான்ட்ராக்டர் தனக்குக் கீழே இருப்பவரிடமும் கேட்க வேண்டும். அதற்கான செலவையும் ரேட்டில் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஆறாவது, மேஸ்திரியையும் சூப்பர்வைசரையும் தயார் செய்வது. ஒரு தொழிலாளிக்குக் கம்பெனி என்றால் முகம் தெரியாத முதலாளி இல்லை, தினமும் பார்க்கும் மேஸ்திரிதான். பிரச்சினையைச் சொல்ல வருபவரிடம் அவர் முதல் பத்து விநாடியில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'வந்துட்டான் பெரிய இன்ஜினீயர்' என்று ஒரு தடவை கிண்டலடித்தால் போதும், அந்த ஆள் மறுபடி வர மாட்டார். வேலை வேகத்தை மட்டும் வைத்து மேஸ்திரிக்கு இன்சென்டிவ் கொடுப்பதையும் கான்ட்ராக்டர் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் நடக்கும் காரியம் இல்லை. குறைந்தது மூன்று, நான்கு மாதமாவது பிடிக்கும். 'எங்களுக்கு ஒரு வாரம்தானே இருக்கு' என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஃபைலை ஜோடிப்பதற்குப் பதிலாக, தன் சைட்டைத் தானே ஒரு முறை நேர்மையாகச் சுற்றிப் பார்த்து, இன்னும் சரியாகாத விஷயங்களைப் பட்டியல் போடலாம். உயிருக்கு ஆபத்தான குறைகளை அன்றைக்கே சரி செய்துவிட வேண்டும். மீதிக்கு யார், எப்போது முடிப்பார் என்று எழுதி, அந்தப் பட்டியலை மதிப்பீட்டாளரிடமே நீட்டலாம். தன் குறையைத் தானே கண்டுபிடித்து வைத்திருக்கும் நிறுவனத்தை மதிப்பீட்டாளர்கள் அதிகம் நம்புவார்கள். போலியாக எழுதிய ரெஜிஸ்டர் பிடிபட்டால், அதற்குப் பிறகு உண்மையாக எழுதியதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆட்களிடம் சொல்ல வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான்: 'வர்றவங்க கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. அதனால உங்க வேலைக்கு எதுவும் ஆகாது.' சொன்னபடி நடந்துகொள்வது முதலாளியின் பொறுப்பு.

தொழிலாளிக்கு என்ன உரிமை?

ஆபத்தைச் சொல்வது முதலாளி காட்டும் சலுகை கிடையாது. புதிய சட்டத் தொகுப்பின்படி, வேலையில் உள்ள பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகத் தோன்றினால், நேரடியாகவோ பாதுகாப்புக் குழு உறுப்பினர் மூலமாகவோ முதலாளியிடம் சொல்லலாம். அதே நேரத்தில் அரசின் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். ஆபத்து இருப்பது உறுதியானால் முதலாளி உடனே நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ஆபத்து இல்லை என்று முதலாளி கருதினால், விஷயத்தை ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும், அவருடைய முடிவே இறுதியானது. தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளின் பாதுகாப்பைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலை 2022 ஜூனில் தொழிலாளர்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. காகிதத்தில் உரிமைகளுக்குக் குறைவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து, மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கும் ஒருவர் அந்த உரிமையைத் தனியாக நின்று பயன்படுத்துவார் என்று எதிர்பார்ப்பதுதான் கஷ்டம். அதனால்தான் கிளையன்ட் நடத்தும் மதிப்பீட்டில் அவருடைய குரல் கேட்கப்படுவது முக்கியமாகிறது.

கிளையன்ட் மேல் தப்பே இல்லையா?

இருக்கிறது, அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. டெண்டரில் யார் குறைந்த விலை சொன்னாரோ அவருக்கே வேலை. அந்த விலையில் நல்ல சாரத்துக்கும் கூடுதல் சூப்பர்வைசருக்கும் இடமே இருக்காது. அப்புறம் ஒரு நாள் தாமதமானால் அபராதம். மழை பெய்தாலும் தேதி மாறாது. இத்தனையையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, சேஃப்டி கல்ச்சர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வருவது, கால்களைக் கட்டிவிட்டு எவ்வளவு தூரம் ஓடுகிறாய் என்று அளப்பது மாதிரிதான்.

பாதுகாப்புக்கான செலவை டெண்டரில் தனி வரியாகப் பிரித்துவிடலாம். அந்த வரியில் யாரும் விலையைக் குறைத்துப் போட்டியிட முடியாது என்று விதி வைத்தால் நிலைமை மாறும். பாதுகாப்புக்காக வேலை நின்ற நேரத்தைத் தாமதக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தப்பிய சம்பவங்களைச் சொன்ன கான்ட்ராக்டருக்கு மதிப்பெண் குறைப்பதையும் கைவிட வேண்டும். 'விபத்தே இல்லாத இத்தனை நாள்' என்ற போர்டுக்கும் அதற்கான பரிசுக்கும் கொடுக்கும் முக்கியத்துவத்தைக் குறைப்பதும் நல்லது. அந்த எண்ணைக் காப்பாற்ற, அடிபட்டவரைக் கணக்கில் வராமல் வீட்டுக்கு அனுப்பத் தோன்றும். டெக்சாஸ் சிட்டி விபத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட பேக்கர் குழு 2007-ல் கொடுத்த அறிக்கையும் இதைத்தான் சுட்டிக்காட்டியது. கை, கால் அடிபடும் சம்பவங்கள் குறைவதைப் பார்த்து, ஆலையே பாதுகாப்பாக இருப்பதாக நிர்வாகம் தவறாக எடுத்துக்கொண்டது என்றது அந்தக் குழு.

மதிப்பீடு முடிந்ததும் அறிக்கையை ஃபைலில் போட்டு மூடுவதும் நிற்க வேண்டும். கண்டுபிடித்த குறைகளில் கான்ட்ராக்டர் சரி செய்ய வேண்டியவை எவை, கிளையன்ட் சரி செய்ய வேண்டியவை எவை என்று இரண்டு பட்டியல் போட்டு, இரண்டையும் தேதியோடு பின்தொடர வேண்டும். ஒரு பட்டியல் மட்டும் வரும் மதிப்பீடு பாதி மதிப்பீடுதான்.

மொத்தத்தில், ஒரு சைட்டின் பாதுகாப்புக் கலாச்சாரத்தை அளக்க ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி கிடைத்தால், அது இதுவாகத்தான் இருக்க முடியும்: ஆபத்து என்று ஒருவர் வேலையை நிறுத்தினால், அந்த ஒரு மணி நேர நஷ்டம் யார் தலையில் விழுகிறது? தொழிலாளியின் கூலியில் விழுந்தால், அவர் நிறுத்த மாட்டார். கான்ட்ராக்டரின் லாபத்தில் மட்டும் விழுந்தால், அவர் நிறுத்த விட மாட்டார். வேலையின் உரிமையாளரான கிளையன்ட் அதில் தன் பங்கை ஏற்றுக்கொண்டால்தான், ஒத்திகை இல்லாமலேயே அடுத்த மதிப்பீட்டைச் சந்திக்கும் தைரியம் கான்ட்ராக்டருக்கு வரும். அதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டியதும் கிளையன்ட்தான்.